உன் பெயரில் கொடுத்த ரத்தம்

மாப்ள,

போன வாரம் காங்கேயத்தில் ஒரு பழைய தேங்காய் எண்ணெய் மில்லின் கூரையைப் பிரிக்கும் வேலை. நான் போய்ச் சேர்வதற்குள் ஒருத்தர் அவசரப்பட்டு இரும்பு வெட்டுகிற கேஸ் டார்ச்சைப் பற்றவைத்துவிட்டார். பக்கத்துக் களத்தில் கொப்பரை காய்ந்துகொண்டிருந்தது. அந்த இனிப்பு வாசனைக்கு நடுவில், பழைய சிவப்புப் பெயிண்ட் தீயில் பொரியும் வாடை வந்து மூக்கில் ஏறியது. வண்டிக்கு ஸ்டாண்டு போடக்கூட நிற்காமல் அப்படியே சாய்த்துவிட்டு ஓடினேன். "மொதல்ல வால்வ மூடுங்க! வால்வ மூடுங்க!" என்று நான் கத்தியதில், கொப்பரை புரட்டிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அவர் உடனே மூடிவிட்டார். ஒன்றும் ஆகிவிடவில்லை. சாய்த்துப் போட்ட வண்டியை நிமிர்த்தி நிறுத்தினேன். தண்ணீர்த் தொட்டி ஓரமாகப் போய் உட்கார்ந்தேன். அங்கேதான் உன்னோடு பேச ஆரம்பித்தேன். பேச்சு இன்னும் முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நீ கண்ணை மூடி நான்கு வருஷம் ஆகிவிட்டது. உன்னைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், "நெம்ப நல்ல கட்டர். கையில கோடு போட்டாப்ல வெட்டுவான்" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். மீதியை இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

ஐ.டி.ஐ.யில் நாம் ஒரே பெஞ்சு. நம்மோடு வெல்டிங் படித்தவர்கள் பாதிப்பேர் மோட்டார் பம்ப் கம்பெனிகளுக்குப் போனார்கள். நீ மட்டும் "நாலு செவுத்துக்குள்ள என்னால நிக்க முடியாது மாப்ள" என்று சொல்லிவிட்டுக் கட்டட வேலைக்கு வந்தாய். உன் பின்னாலேயே நானும் வந்தேன். உயரம் உனக்குப் பயமே இல்லை. தரையிலிருந்து பார்க்கிற எனக்குத்தான் பயம். சாக்பீஸ் கோட்டின் மேல் உன் தீ நடக்கிற வேகம் ஒரே சீராக இருக்கும். வெட்டி விழுந்த இரும்பின் ஓரத்தைக் கையால் தடவிப் பார்த்தே அது நீ வெட்டியதா, வேறு ஆள் வெட்டியதா என்று என்னால் சொல்ல முடிந்தது.

பீளமேட்டில் அந்தப் பழைய நூல் மில்லைப் பிரிக்கிற வேலை வந்தபோது நமக்கு முப்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. மில்லை எடுத்துவிட்டு ஐ.டி. ஆபீஸ் கட்டப்போகிறார்கள் என்றார்கள். கூரையைத் தாங்கிய இரும்புச் சட்டங்கள் எல்லாம் யாரோ எந்தக் காலத்திலோ பெயிண்ட் அடித்தவை. துருப்பிடிக்காமல் இருக்க ஒரு சிவப்புப் பெயிண்ட், அதன் மேல் பச்சை, அதன் மேல் சாம்பல், மறுபடியும் சிவப்பு. நகத்தால் கீறினால் அடுக்கடுக்காய்ப் பெயர்ந்து வரும். நீ மேலே கூரைச் சட்டத்தை வெட்டுவாய். கிரேன் இறக்கித் தருகிற துண்டுகளை நான் கீழே அடுக்குவேன். முகத்தைச் சுற்றிக் கட்டிய ஒரு துண்டு, அவ்வளவுதான் பாதுகாப்பு. மத்தியானம் அதே துண்டில் கையைத் துடைத்துவிட்டுச் சோற்றில் கை வைப்போம். சாயங்காலம் அதே சட்டையோடு நீ வீட்டுக்குப் போவாய். உன் மகள் தாரணி அப்போது நான்காம் வகுப்பு. தெருமுனையிலேயே காத்திருந்து உன் இடுப்பைக் கட்டிக்கொள்ளும்.

பிறகு ஸ்டெல்லா மேடம் வந்தார். சைட்டுக்குப் பாதுகாப்பு இன்ஜினியர் ஒருவர் வேண்டும் என்று கட்டுகிற கம்பெனிக்காரர்கள் கேட்டதால் அனுப்பப்பட்டவர். ஒல்லியான உடம்பு, மெதுவான குரல். முதல் நாளே எல்லாரையும் உட்காரவைத்து, இந்தப் பெயிண்ட்டில் ஈயம் இருக்கிறது, தீ பட்டால் புகையாகி மூச்சில் போகும், தூசியாகிச் சோற்றில் போகும் என்று சொன்னார். நீதான் எழுந்து கேட்டாய்.

"ஏனுங் மேடம், எங்கூட்ல ஈயச் சொம்புலதானுங்க ரசம் வெக்கறோம். என்ற அப்பாரு எண்பது வயசுக்கு மேல இருந்தாருங்க."

எல்லாரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "அது வெள்ளீயமுங்கண்ணா. இது காரீயம். பேருதான் ஒண்ணு. இது உடம்புக்குள்ள போச்சுன்னா சீக்கிரத்துல வெளிய வராது. எலும்புல போய் உக்காந்துக்கும்," என்றார். இரண்டு பக்கமும் வட்ட வட்டமாய் வடிகட்டி வைத்த ரப்பர் மாஸ்க் ஒன்றை உன் கையில் கொடுத்தார். இரண்டு நாள் போட்டாய். மூன்றாம் நாள் அதைக் கூரைச் சட்டத்தின் ஒரு மூலையில் மாட்டிவிட்டு, பழையபடி துண்டைக் கட்டிக்கொண்டாய். மூச்சு முட்டுகிறது, வேர்க்கிறது, வெட்டுகிற கோடு தெரியவில்லை என்றாய். நான் கீழிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

வயிற்றுவலி அதற்கு முன்னாலேயே ஆரம்பித்திருந்தது. கேஸ் என்றாய். சோடா குடித்தாய். டீ என்ன மாப்ள இரும்பைக் கடிச்சாப்ல இருக்குது என்று பாதியிலேயே கீழே ஊற்றினாய். ஒரு நாள் உன் மனைவி கலாமணி எனக்குப் போன் செய்தது. "ஏனுங்ணா, இவரு என்னத்துக்கு இப்பிடி எரிஞ்சு எரிஞ்சு உழுகறாருங்க? நேத்து புள்ள சத்தமாப் படிக்குதுன்னு தட்டத்தத் தூக்கி வீசிப்போட்டாருங்ணா. இவரு இப்பிடி ஆளே இல்லீங்களே." உன்னிடம் கேட்டேன். "தூக்கமில்ல, அதான்" என்றாய். நம்பினேன். நம்புவது சுலபமாக இருந்தது.

ரத்தப் பரிசோதனை வைக்கிறார்கள் என்று தெரிந்த அன்றைக்கு வேலை முடிந்ததும் என்னைப் பேக்கரிக்குக் கூட்டிக்கொண்டு போனாய். ரத்தத்தில் ஈயத்தின் அளவு கூடுதலாக இருக்கிறவர்களைக் குறைகிற வரைக்கும் வெட்டுகிற வேலையிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்று ஸ்டெல்லா மேடம் சொல்லியிருந்தார். சம்பளம் பிடிக்கமாட்டோம், வேறு வேலை கொடுப்போம் என்றும் சொன்னார். அந்த இரண்டாவதை நீ காதிலேயே வாங்கவில்லை.

"என்ற பேருக்கும் நீயே ரத்தம் குடுத்துரு மாப்ள," என்றாய்.

நான் முதலில் விளையாட்டு என்று நினைத்தேன்.

"லேபுல இருந்து வர்ற புள்ளைக்கு நம்ம மூஞ்சி தெரியுமா? பேரக் கூப்புடுவாங்க, போய்க் கைய நீட்டோணும், அவ்வளவுதான். நீ கீழ நிக்கற ஆளு. உனக்கு ஒண்ணும் இருக்காது."

"உனக்கு இருந்துச்சுன்னா?"

"இருந்தா என்ன, இந்த வேல முடிஞ்சதும் பாத்துக்கறேன். இப்பக் கீழ எறக்கிட்டாங்கன்னா மறுபடியும் என்னைய ஏத்த மாட்டாங்க. சீவக்கட்டையக் கையில குடுத்துருவாங்க. இருபது ஆளு பாக்கறப்ப நான் தரையக் கூட்டிட்டு நிக்கோணுமா?"

நீ என் தட்டிலிருந்த தேங்காய் பன்னை எடுத்துப் பிய்த்து எனக்கே ஊட்டுவது போல நீட்டினாய். "நீதான எனக்கு" என்றாய். அவ்வளவுதான் மாப்ள. நான் தலையை ஆட்டிவிட்டேன்.

மறுநாள் காலையில் என் பெயருக்கு இடது கையைக் கொடுத்தேன். பின்பக்கம் போய் உன் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, ஹெல்மெட்டையும் மாற்றி, வரிசையின் கடைசியில் வந்து உட்கார்ந்தேன். உன் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து போய் வலது கையை நீட்டினேன். அந்தப் பெண் ஊசியைக் குத்தும்போது, "பயப்படாதீங்க அண்ணா, முடிஞ்சுருச்சு" என்றது. ஸ்டெல்லா மேடம் அந்த நேரத்தில் ஆபீஸ் அறையில் போனில் இருந்தார். நீ தூணுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துக் கட்டை விரலைக் காட்டினாய்.

ஒரு வாரம் கழித்து முடிவு வந்தது. மேடம் எல்லாரையும் கூட்டிப் படித்தார். உன் அளவைச் சொல்லிவிட்டுத் தாளைத் தாழ்த்தி உன்னைப் பார்த்தார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. "மேல நிக்கறவருக்கே இவ்வளவு கம்மியா இருக்குதுன்னா, அண்ணா மாஸ்க்க ஒழுங்காப் போட்டிருக்காருன்னு அர்த்தம். எல்லாரும் இவரப் பாத்துக் கத்துக்கோங்க," என்றார். ஆட்கள் கை தட்டினார்கள். நீ தரையைப் பார்த்தாய். நானும் தரையைப் பார்த்தேன். வெட்டுவதற்கு முன்னால் பெயிண்ட்டை மருந்து போட்டு உரித்தே ஆகவேண்டும் என்று அவர் மேனேஜரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. உன் தாளைக் காட்டித்தான் மேனேஜர் அவர் வாயை அடைத்தாராம்.

அடுத்த ஒரு மாதத்தில் நீ வெட்டிய இரும்பின் ஓரங்கள் கோணலாக வர ஆரம்பித்தன. நான் தடவிப் பார்த்துவிட்டு, அந்தத் துண்டுகளை அடுக்கின் அடியில் வைத்தேன்.

ஒரு மத்தியானம் நீ ஏணியில் இறங்கி வந்து, கடைசிப் படியிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு மடங்கி உட்கார்ந்தாய். அப்படி ஒரு அலறலை நான் கேட்டதில்லை. உன்னைத் தூக்கும்போது கவனித்தேன். உன் வலது மணிக்கட்டு, ஈரத்துணி போல, தொங்கிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் குடலில் ஏதோ என்று சந்தேகப்பட்டார்கள். நடுவயது டாக்டர், நிதானமானவர். என்ன வேலை என்று கேட்டார். கலாமணி சொன்னது. பழைய கட்டடமா, பெயிண்ட்டா, ஈயம் ஏதாவது சோதித்தார்களா என்று அவரே கேட்டார். அவர் சரியாகத்தான் கேட்டார் மாப்ள. கலாமணி தன் பையிலிருந்து, நான்காக மடித்து வைத்திருந்த அந்த ரிப்போர்ட்டை எடுத்துக் கொடுத்தது. "போன மாசந்தானுங்க எடுத்தாங்க. ஒண்ணுமில்லைன்னு சொல்லிப்போட்டாங்க." அவர் படித்துப் பார்த்தார். "அப்ப அது இல்ல" என்று சொல்லிவிட்டுத் தன் தாளில் எதையோ அடித்தார். வலி குறையாவிட்டால் மறுநாள் வயிற்றைத் திறந்து பார்த்துவிடலாம் என்றார்.

நான் கட்டிலின் கால்மாட்டில்தான் நின்றிருந்தேன். நீ என்னைப் பார்த்தாய். அந்த வலியிலும் தலையை ஒரே ஒரு முறை இப்படியும் அப்படியும் ஆட்டினாய். சொல்லாதே என்று. நான் சொல்லவில்லை. அன்றைய பகல் முழுக்கச் சொல்லவில்லை. இளநீர் வாங்கி வந்தேன், மருந்துச்சீட்டைக் கொண்டுபோனேன், தாரணியைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்து வந்தேன். வாய் ஒன்றைத் தவிர என்னிடம் இருந்த எல்லாம் உனக்காக ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் கலாமணி ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடப் பேனாவைக் கேட்டது. என் சட்டைப்பையில் பேனா இருந்தது. எடுத்தேன், கொடுக்க முடியவில்லை. நேராக டாக்டர் அறைக்குள் போய்விட்டேன்.

"சார், அந்த ரிப்போர்ட்ல இருக்கறது என்ற ரத்தமுங்க," என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. திரும்பவும் சொன்னேன். வலது கைச் சட்டையை மடித்து, ஊசி குத்திய இடத்தைக் காட்டினேன். அங்கே தழும்புகூட இல்லை. எதற்காகக் காட்டினேன் என்று தெரியவில்லை. அவர் என்னைத் திட்டவில்லை. எழுந்து வேகமாக உன் கட்டிலுக்கு நடந்தார். உன் கீழுதட்டை விரலால் விலக்கி ஈறைப் பார்த்தார். பல்லை ஒட்டிக் கருநீலத்தில் மெல்லிசாக ஒரு கோடு. மணிக்கட்டைத் தூக்கச் சொன்னார், உன்னால் முடியவில்லை. ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வேறு ரத்தம் எடுக்கச் சொன்னார். இந்த முறை உன் கையிலிருந்து.

பின்னாலேயே வந்து நின்ற கலாமணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டது. கத்தும், அழும் என்று எதிர்பார்த்தேன். "ஏனுங்ணா, நேத்தே சொல்லியிருக்கலாமுங்களே" என்று மட்டும் கேட்டது.

அன்றைக்கே சைட்டுக்குப் போய் ஸ்டெல்லா மேடத்திடமும் சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "இன்னும் வேற யாராவது இப்பிடிக் குடுத்தாங்களா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். அவர் எழுந்து வெளியே வந்து, எல்லா டார்ச்சையும் அணைக்கச் சொன்னார். மேனேஜர் ஓடி வந்தார். "என்ற வேல போனாலும் பரவால்லீங்க சார்" என்று அந்த மெதுவான குரலில்தான் சொன்னார். மறுபடியும் எல்லாருக்கும் பரிசோதனை நடந்தது. அவரே பக்கத்தில் நின்று, அடையாள அட்டையை வாங்கி, ஒவ்வொரு முகத்தையும் பார்த்தார். இன்னும் மூன்று பேருக்கு அளவு கூடியிருந்தது. அதற்குப் பிறகுதான் பெயிண்ட்டை உரித்துவிட்டு வெட்டுவது வந்தது. கை கழுவுகிற குழாய் வந்தது, உடை மாற்றிக் குளித்துவிட்டுப் போக ஓர் அறை வந்தது, சோறு தின்ன தனிக் கொட்டகை வந்தது. என்னை மேனேஜர் மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்றார்.

நீ என்னோடு பேசவில்லை. டாக்டரிடம் சொன்னதை மன்னித்திருப்பாய். சைட்டில் போய்ச் சொன்னதைத்தான் உன்னால் தாங்க முடியவில்லை. ஆட்கள் கை தட்டியது உனக்குள் எங்கோ இருந்திருக்கிறது. நான் வார்டுக்கு வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். வீட்டுக்கு வந்தபோது கதவைத் திறந்த தாரணி, "அப்பா தூங்கறாருங் மாமா" என்றது. உள்ளே நீ இருமுகிற சத்தம் கேட்டது. நான் என் ஊர் அவிநாசிக்குத் திரும்பிவிட்டேன். ஒரு கிரில் பட்டறையில் வேலை கிடைத்தது.

ஏழெட்டு மாதம் கழித்து நீயே பஸ் ஏறி வந்தாய். பட்டறை வாசலில் நின்ற உருவம் நீதான் என்று எனக்குத் தெரிய ஒரு நொடி பிடித்தது. அவ்வளவு இளைத்திருந்தாய். வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டிருந்தாய். இரண்டு பேரும் கோயில் வரைக்கும் நடந்தோம். கோபுரத்துக்கு எதிரே, நிழலில் உட்கார்ந்த பிறகு சொன்னாய்.

"தாரணிக்கும் டெஸ்ட் எடுத்தாங்க மாப்ள. டாக்டருதான் எடுக்கச் சொன்னாரு. அதுக்கும் இருக்குது."

"எப்பிடி மாப்ள?" என்றேன்.

"நான் போட்டுட்டுப் போன சட்டையில இருந்து. ஓடி வந்து கட்டிக்குமில்ல, அதுல இருந்து. கலாமணி தொவைக்கறப்ப அவளுக்கும் கொஞ்சம் ஏறியிருக்குது. வேலைக்குப் போகாததுனால இப்பக் கொறைஞ்சுட்டு வருதுங்கறாங்க. நீ அன்னிக்குச் சொல்லாம இருந்திருந்தீன்னா, நான் எந்திரிச்சு மறுபடியும் அதே சட்டையோட போய் நின்னிருப்பேன்."

நீ அழுதாய். ஐ.டி.ஐ. நாளிலிருந்து ஒருமுறைகூட நீ அழுது நான் பார்த்ததில்லை. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். நீ கையை உயர்த்தப் பார்த்தாய். அது பாதிக்கு மேல் வரவில்லை.

"டாக்டருகிட்டச் சொன்னது தப்பில்ல. மேடத்துகிட்டச் சொன்னதும் தப்பில்ல. பேக்கரியில நான் கேட்டனே, அப்பவே முடியாது போடான்னு சொல்லியிருக்கோணும் நீ. அதச் சொல்லாம உட்டுட்டயே மாப்ள."

அதற்கப்புறம் நாம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. நீ காங்கேயம் பக்கம் உன் ஊருக்கே போய், ஓர் அரிசி மில்லில் எடை போடுகிற வேலையில் உட்கார்ந்தாய். மாதம் ஒரு தடவை நான் வருவேன். மணிக்கட்டு ஓரளவுக்குத் தேறியது. டார்ச்சைப் பிடிக்கிற அளவுக்குத் தேறவில்லை. பிறகு ரத்தக்கொதிப்பு, பிறகு சிறுநீரகம். ஈயத்தால்தானா என்று கடைசியில் டாக்டரைக் கேட்டேன். அதுவும் காரணமாக இருக்கலாம், அது மட்டும்தான் என்று சொல்ல முடியாது என்றார். நேர்மையான பதில். அதில் சாய்ந்துகொள்ள எனக்கு ஒரு சுவரும் கிடைக்கவில்லை.

தாரணி இப்போது பிளஸ் ஒன். அளவெல்லாம் குறைந்து நன்றாக இருக்கிறது. உன்னைப் போலவே உயரம் ஏறுவதில் பயமில்லை; போன பொங்கலுக்கு வந்திருந்தபோது மாமரத்தில் ஏறி நின்றுகொண்டு, கலாமணி கீழிருந்து கத்துவதைக் கண்டுகொள்ளவே இல்லை. ஸ்டெல்லா மேடம் வேறு கம்பெனிக்குப் போன பிறகு என்னைத் தேடிப்பிடித்து, சைட் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார். "ஏனுங் மேடம், என்னையப் போயிங்களா?" என்றேன். "உங்களுக்குத்தானுங்க தெரியும், ஆளுக எப்பிடி ஏமாத்துவாங்கன்னு," என்றார். அவர் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. அதிலிருந்து இந்த வேலைதான்.

போன மாதம் பழனிசாமி என்று ஒருவர், பாலத்து இரும்பு உத்தரத்தில் பெயிண்ட் சுரண்டுகிறவர், என்னைத் தனியாகக் கூப்பிட்டார். என்னோடு தினமும் டீ குடிக்கிற மனுஷன். என் மகனுக்குக் காய்ச்சல் என்றால் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போகிறவர். போன பரிசோதனையில் அவருக்கு அளவு ஏறிக்கொண்டு வருகிறது என்று தெரிந்திருந்தது. "இந்தத் தடவ மட்டும் என்ற பேர உட்டுருங்க. நான் லீவுல இருக்கறதாப் போட்டுக்கோங்க. நமக்குள்ள என்னங்க," என்றார்.

முடியாது என்றேன்.

அவர் நம்பவில்லை. திரும்பவும் கேட்டார். திரும்பவும் முடியாது என்றேன். அதற்கப்புறம் அவர் திட்டியதை இங்கே எழுத முடியாது. என் அம்மாவையும் விட்டுவைக்கவில்லை. மற்ற ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். பிறகு அவரைப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அளவு கூடியிருந்தது, இறக்கிவிட்டோம். இப்போது ஸ்டோரில் உட்கார்ந்து சாமான் எடுத்துக் கொடுக்கிறார். நான் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவர் முகத்தைத் திருப்புகிற ஒவ்வொரு தடவையும் உன்னைத்தான் நினைக்கிறேன். அன்றைக்குப் பேக்கரியில் நான் மறுத்திருந்தால், நீயும் இப்படித்தான் திட்டியிருப்பாய். பன்னைத் தட்டிலேயே போட்டுவிட்டு எழுந்து போயிருப்பாய். ஒரு மாதம், இரண்டு மாதம், என் பக்கமே திரும்பியிருக்க மாட்டாய்.

பிறகு ஒரு நாள் வந்திருப்பாய், மாப்ள. இரண்டு கையையும் வீசிக்கொண்டு வந்திருப்பாய்.